கீமோ நாட்களில் நடையை எப்படிச் சரிசெய்துகொண்டேன்

கீமோதெரபி தொடங்கியதும் என்னை மிகவும் படுத்தியது சோர்வுதான். தூங்கி எழுந்தாலும் தீராது. படுத்தே கிடந்ததில் தசைகள்தான் தளர்ந்தன. மருத்துவரிடம் கேட்டேன். தாராளமாக நடக்கலாம், ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு என்றார்.

அதிலிருந்துதான் எனக்கு வழி கிடைத்தது. ஹீமோகுளோபின் குறைந்தால் சீக்கிரம் மூச்சு வாங்கும்; அப்போது வேகத்தைக் குறைத்தேன். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்தால் லேசாக விழுந்தாலும் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு, அதனால் சைக்கிள், எடை தூக்குவது எல்லாம் நிறுத்தம். தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பல கீமோ மருந்துகளில், மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் மிகவும் இறங்கும். தொற்றுக்குப் பயந்து அந்த நாட்களில் ஜிம் பக்கமே போகவில்லை, வீட்டுக்குள்ளேயே நடை.

ஒரேயடியாக 30 நிமிடம் என்றால் மலைப்பு. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்ததும் முடிந்தது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. (நான் பாடாதது அக்கம்பக்கத்துக்கும் நல்லது.)

அப்புறம் பாதம் மரத்துப்போனது. வெறுங்காலில் நடப்பதை விட்டு, நல்ல பிடிப்புள்ள ஷூவுக்கு மாறினேன். நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை வாரம் இரண்டு நாள் சேர்த்தேன். கையில் பிக் லைன் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகி வைக்கும் மெல்லிய குழாய்) இருந்ததால் நீச்சல் கூடாது என்று செவிலியர் சொல்லிவிட்டார்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ பயிற்சி கிடையாது, உடனே மருத்துவமனைக்குப் போன். சோர்வு முழுதாகப் போகவில்லை. ஆனால் மாடிப்படியில் பாதியில் நிற்பது நின்றது.