விற்ற காடிக்கு உங்கள் பெயரில் சம்மன் வருகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

காடியை விற்றுப் பல மாதம் ஆகியிருக்கும். வந்த காசும் செலவாகியிருக்கும். அப்போது தபாலில் ஒரு கடிதம் வரும். உங்கள் பெயர், உங்கள் ஐசி (அடையாள அட்டை) எண், விற்ற காடியின் நம்பர், அதன் கீழே கட்டப்படாத பார்க்கிங் சம்மன்களின் பட்டியல். பினாங்கில் இப்படிப்பட்ட கடிதத்தோடு "இதுக்கு என்ன பதில் எழுதறது?" என்று கேட்டு வருபவர்களுக்கு மலாயில் மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் முன்பின் தெரியாதவருக்கு விற்று ஏமாந்தவர்கள் அல்லர். மச்சானின் கூட்டாளிக்கு, வேலையிடத்துத் தம்பிக்கு, கோயிலில் தினமும் பார்க்கும் ஒருவருக்கு விற்றவர்கள்.

சம்மன் எப்படி உங்களைத் தேடி வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பார்க்கிங் அமலாக்க அதிகாரி காடியின் நம்பரைப் பார்த்துச் சீட்டை அச்சடித்து வைப்பரில் செருகிவிட்டுப் போகிறார். ஓட்டுபவர் யார் என்று அவருக்குத் தெரியாது. அந்தச் சீட்டு இப்போது காடியை வைத்திருப்பவர் கைக்குத்தான் போகும். அவர் கட்டாமல் தூக்கிப் போட்டால், அந்த ஊரின் மாநகர் மன்றம் பதிவு உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பும். ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவேட்டில் இன்னும் உங்கள் பெயர் இருந்தால் அந்த உரிமையாளர் நீங்கள்தான். ஆகவே காடியைச் சுற்றி நடப்பது எல்லாருக்கும் தெரிந்த பிறகு, கடைசியாகத்தான் உங்களுக்குத் தெரியவரும். நீங்கள் வீடு மாறி, முகவரியையும் மாற்றாமல் விட்டிருந்தால் அந்தக் கடிதம்கூட வராது. நேரே நீதிமன்றக் கட்டத்தில்தான் விஷயம் காதுக்கு எட்டும்.

"பேரைப் பிறகு மாத்திக்கலாம்"

எல்லாச் சிக்கலும் இந்த ஒரு பேச்சிலிருந்துதான் தொடங்குகிறது. பிறையில் ஓர் அக்கா தம் பழைய கஞ்சில் காடியைத் தம்பியின் வேலைக்கூட்டாளிக்கு விற்றார். "நல்ல பையன்க்கா, அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் பேர் மாத்திருவான்" என்று தம்பி சொன்னார். காசு முழுவதும் வந்துவிட்டது, வெள்ளைத் தாளில் இருவரும் கையெழுத்தும் போட்டார்கள். அந்தப் பையன் சில மாதம் ஓட்டிவிட்டு இன்னொருவருக்கு விற்றான். அவரும் பெயர் மாற்றாமல் வேறொருவருக்குக் கொடுத்தார். ஜார்ஜ்டவுன் வீதிகளில் அந்தக் காடி வாங்கிய ஒவ்வொரு சம்மனும் அக்காவின் பெயரில் ஏறியது. இப்போது ஓட்டுவது யார் என்று அவருக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. காடி கைமாறிய 7 நாளுக்குள் புதிய உரிமையாளர் தம் பெயரில் பதிய விண்ணப்பிக்க வேண்டும். விற்றவருக்கும் கடமை உண்டு. அதே 7 நாளுக்குள் கைமாறிய செய்தியை அவர் ஜேபிஜேவுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த இரண்டாம் பாதி நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது. பெயர் மாற்றுவது வாங்குபவர் வேலை என்று விட்டுவிடுகிறோம். வெள்ளைத் தாளில் எழுதிய ஒப்பந்தம் உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையே செல்லும். பதிவேட்டில் உள்ள பெயரை அது மாற்றாது.

ஆகவே சரியான வரிசை இதுதான். லோன் பாக்கி இருந்தால் முதலில் வங்கியில் கணக்கை முடித்து, ஜேபிஜே பதிவில் உள்ள வங்கியின் உரிமையை நீக்கச் சொல்லுங்கள். பிறகு பெயர் மாற்றத்துக்காகக் காடியைப் பரிசோதிக்கும் பி5 சோதனை. அடுத்து வாங்குபவர் தம் பெயரில் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். அதன்பின் இருவரும் ஐசியோடு ஜேபிஜே முகப்பில் கைரேகை வைக்க வேண்டும். தீவில் இருப்பவர்களுக்குப் பத்து ஊபான், பெருநிலத்தில் இருப்பவர்களுக்குச் செபராங் ஜெயா. புதிய பெயர் பதிவானதைக் கண்ணால் பார்த்து, ஒரு படமும் எடுத்துக்கொண்ட பிறகு சாவியைக் கொடுங்கள். "நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகணும், காடி மட்டும் குடுங்கண்ணே" என்று யார் கேட்டாலும் முன்பணத்தை வாங்கிக்கொள்ளலாம், சாவியைக் கொடுக்கக் கூடாது. உறவு கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சாவி கொடுக்காததால் கெட்ட உறவை நான் பார்த்ததில்லை. சம்மனால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயர் மாற்றும் வேலையை ரன்னரிடம் (இடைத்தரகரிடம்) விடுபவர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள். தங்கள் கைரேகையை வைத்ததும் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் கைரேகை வைப்பது உங்கள் சம்மதம் மட்டுமே. வாங்குபவர் தம் பங்கை முடிக்கும்வரை காடி உங்கள் பெயரில்தான் இருக்கும். முடிந்ததா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கைப்பேசியில் மைஜேபிஜே செயலியைத் திறந்து பாருங்கள். 2023 பிப்ரவரியில் ரோட்டெக்ஸ் (சாலை வரி) மின்னியல் வடிவத்துக்கு மாறியதிலிருந்து உங்கள் பெயரிலுள்ள வாகனங்கள் அதில் தெரிகின்றன. விற்ற காடி அங்கே இன்னும் இருந்தால் சட்டப்படி அது இன்னும் உங்களுடையது. விற்ற ஒரு வாரத்தில் ஒருமுறை, மாதக் கடைசியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பழைய காடி வியாபாரியிடம் விற்பவர்கள், காடி அவர் கடையில் நிற்கும் காலத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்பதில்லை. அடுத்த ஆள் கிடைக்கும்வரை வியாபாரி பெயருக்கு இடைக்காலமாக மாற்றும் நடைமுறை உண்டு. அதைச் செய்வாரா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு கடை பாருங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்பவரிடம் ஒருபோதும் விற்காதீர்கள். பழைய இரும்புக் கடைக்குப் போகும் காடிக்கும் ஜேபிஜேயில் பதிவு ரத்து உண்டு. அது நடக்காதவரை அந்த நம்பர் உங்களுடையதே.

லோன் முடியாத காடியை "மாசக் காசை நீ கட்டிக்கோ" என்று கைமாற்றும் சம்பூங் பாயார் வேண்டவே வேண்டாம். அங்கே பெயர் மாற்றவே வழியில்லை. லோன் உங்களுடையது, பதிவு உங்களுடையது, சம்மனும் உங்களுடையது. வங்கிக்குத் தெரியாமல் காடியைக் கைமாற்றுவது வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தையும் மீறுகிறது. சம்மனைப் பற்றி மன்றத்திடம் முறையிடப் போனால், காடியை எப்படிக் கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்காது.

கடிதம் வந்துவிட்டது. இப்போது?

இந்த இடத்தில் மக்கள் இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள். ஒரு பக்கத்தார் "நான்தான் வித்துட்டேனே" என்று கடிதத்தை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். மறுபக்கத்தார் பயந்துபோய் அன்றைக்கே கட்டிவிடுகிறார்கள். இரண்டும் தவறு.

அலமாரியில் போட்டால் மன்றத்துக்கு உங்கள் கதை தெரியாது. பதில் வராத சம்மன் நீதிமன்றத்துக்குப் போகும். அழைத்த நாளில் நீங்கள் போகாவிட்டால் பிடியாணைவரை வரலாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் இப்படி மாட்டிக்கொள்வதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

அவசரமாகக் கட்டுவதற்கு ஒரு தூண்டுதலும் உண்டு. போலீஸ், ஜேபிஜே சம்மன்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 16 முதல் 30 நாளுக்குள் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு கழிவு என்ற முறை வந்திருக்கிறது. பாதிதானே, கட்டித் தொலைத்துவிடுவோம் என்று தோன்றும். ஆனால் கட்டியதும் அந்தச் சம்மன் முடிந்துபோகும், காசைத் திரும்பக் கேட்பது பெரும்பாடு. முக்கியமாக, ஒன்றைக் கட்டுவதால் காடி உங்கள் பெயரை விட்டுப் போகாது. அடுத்த மாதம் இன்னொன்று வரும்.

செய்ய வேண்டியது இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒன்று சம்மனில் உள்ள குற்றத் தேதி. கடிதம் எழுதிய தேதியை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மற்றது ஜேபிஜேயில் பெயர் மாறிய தேதி. பெயர் மாறிய பிறகு நடந்த குற்றம் என்றால் உங்கள் வழக்கு பலமானது, ஒரு காசும் கட்ட வேண்டாம். மாறுவதற்கு முன் நடந்தது, அப்போது காடி உங்களிடம்தான் இருந்தது என்றால் அது உங்கள் கடன், கட்டிவிடுங்கள். விற்ற பிறகும் பெயர் மாறாமல் இருந்த இடைக்காலத்தில் நடந்தது என்பதுதான் சிக்கலான நிலை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சீட்டில் உள்ள மற்ற விவரங்களையும் வரிவரியாகப் படியுங்கள். நம்பர், காடியின் வகை, நிறம், சாலையின் பெயர், நேரம். நீங்கள் விற்றது வெள்ளை மைவி, சீட்டில் கறுப்பு சாகா என்று இருந்தால் நம்பரைத் தவறாக அடித்திருக்கலாம், அல்லது உங்கள் நம்பரைப் போலியாக வேறு யாரோ மாட்டியிருக்கலாம். பின்னது என்றால் உடனே போலீஸ் புகார் செய்ய வேண்டும். அச்சுத் தாள் சில மாதத்தில் வெளுத்துவிடும் என்பதால் கிடைத்த அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

பிறகு எந்த அலுவலகம் என்று பாருங்கள். பினாங்கில் இது பலரை அலைக்கழிக்கிறது. தீவில் நடந்த பார்க்கிங் குற்றம் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கு உரியது, அதன் அலுவலகம் கொம்தாரில் இருக்கிறது. பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் நடந்தது செபராங் பிறை மாநகர் மன்றத்தின் பொறுப்பு, அதற்குப் பண்டார் பெர்டாவுக்குப் போக வேண்டும். இரு கரைக்கும் ஒரே பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலி இருப்பதால் அலுவலகமும் ஒன்று என்று நினைத்துப் பாலத்தைக் கடந்து போய்த் திரும்புகிறார்கள். கோலாலம்பூரில் நடந்ததென்றால் அது அந்நகரின் மன்றமான டிபிகேஎல்லுக்கு உரியது. சாலையோரத்தில் போலீஸ் கொடுத்த சம்மன் இவை எதிலும் சேராது, அது போலீஸ் போக்குவரத்துப் பிரிவுக்கு உரியது. தலைப்பில் உள்ள சின்னத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முகப்பில் நின்று வாய்வழியாக முறையிடுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எதிரில் இருப்பவர் தலையாட்டுவார், கோப்பில் எதுவும் ஏறாது. ஒரு பக்கத்தில் ராயுவான் (மேல்முறையீட்டு) மனு எழுதுங்கள். மலாயில் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும். சம்மன் எண், காடி நம்பர், குற்றத் தேதி, பெயர் மாறிய தேதி, ஆகவே அந்த நாளில் நான் உரிமையாளர் அல்ல, சம்மனை என் பெயரிலிருந்து நீக்குங்கள். இவ்வளவு போதும். குடும்பக் கஷ்டமோ வாங்கியவர் செய்த துரோகமோ அதில் வேண்டாம். ஜேபிஜே பெயர் மாற்றப் பதிவின் நகல், உங்கள் ஐசி நகல், விற்பனை ஒப்பந்தத்தின் நகல் மூன்றையும் இணையுங்கள். இன்னொரு பிரதியில் "பெற்றுக்கொண்டோம்" என்ற முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள். அந்த முத்திரைதான் நாளைக்கு நீதிமன்றம் போனாலும் உங்களுக்காகப் பேசும்.

பெயர் மாறவில்லை, ஆளையும் காணவில்லை

இந்த நிலையில் இருப்பவர்கள் முதலில் வாங்கியவருக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசியதைப் பிறகு நிரூபிப்பது கடினம். நாள் குறித்து, அன்று ஜேபிஜேவுக்கு வரச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். என்றைக்கு, எத்தனை மணிக்கு, யாரிடம், எவ்வளவு வெள்ளிக்குக் காடியை ஒப்படைத்தேன் என்று அதில் இருக்க வேண்டும். அந்தப் புகாரின் நகலோடு ஜேபிஜேவுக்கும் சம்மன் அனுப்பிய மன்றத்துக்கும் எழுதுங்கள். 7 நாள் எப்போதோ கடந்திருந்தாலும் தாமதமாகத் தெரிவிப்பது தெரிவிக்காமலே இருப்பதைவிட நல்லது. சம்மனோடு நிற்காமல், நாளை அந்தக் காடி ஒரு விபத்தில் சிக்கினாலும் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

முன்பு சொன்ன சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, குறிப்பிட்ட நேரத்தில் காடியை ஓட்டியவர் யார் என்று கேட்டால் சொல்லும் கடமையை உரிமையாளர் மேல் வைக்கிறது. "யாருக்கோ வித்தேன், பேர் மறந்துபோச்சு" என்று சொல்லும் நிலை வராமலிருக்க, விற்கும் நாளிலேயே வாங்குபவரின் ஐசி நகல், முகவரி, கைப்பேசி எண் மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஒப்படைத்த மணியையும் எழுதுங்கள். விற்ற நாள் காலையில் விழுந்த சம்மன் யாருடையது என்ற சண்டை அதனாலேயே தீரும்.

மன்றம் மனுவை ஏற்காமல் நீங்களே கட்ட வேண்டி வந்தால் ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். 5,000 வெள்ளிவரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறு உரிமை வழக்குப் போட்டு வாங்கியவரிடம் கேட்கலாம். அங்கே உங்களுக்குக் கைகொடுப்பவை அந்த ஒப்பந்தம், ஐசி நகல், வாட்ஸ்அப் செய்திகள், ரசீதுகள்.

காடியில் மறந்துவிடும் சிலவும் உண்டு. முன்விளக்கிலோ கண்ணாடியிலோ ஒட்டியிருக்கும், டோல் கட்டுவதற்கான ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர் உங்கள் டச் அன் கோ வாலட்டோடு இணைந்தது. அதைச் செயலியில் முடக்காவிட்டால் புதியவர் பாலம் தாண்டித் தீவுக்கு வரும் ஒவ்வொரு முறையும் உங்கள் காசு போகும். பார்க்கிங் செயலியிலிருந்தும் பழைய நம்பரை நீக்குங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் அவசரத்தில் பழைய நம்பரையே அழுத்தி விற்ற காடிக்குப் பார்க்கிங் கட்டிவிட்டு, புதுக் காடிக்குச் சம்மன் வாங்குவீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். மீதமுள்ள காலத்துக்கான பணத்தைத் திரும்பக் கேட்கலாம், இழப்பீடு கேட்காமல் 55 விழுக்காடுவரை சேர்த்து வைத்திருக்கும் என்சிடி என்ற இன்சூரன்ஸ் கழிவையும் அடுத்த காடிக்கு எடுத்துக்கொள்ளலாம்.