நீண்ட ஆட்டத்தால் நம்பகம் கூடிவிடாது: செஸ் எஞ்சின் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரையில் என் வீட்டுக் கணினியில், நான் எழுதிவரும் செஸ் எஞ்சினின் (செஸ் ஆடும் கணினி நிரலின்) புதிய வடிவத்தைப் பழையதோடு 100 ஆட்டங்கள் மோதவிட்டேன். 24 வெற்றி, 16 தோல்வி, 60 டிரா. ஆடுபவரின் வலிமையைப் புள்ளிகளில் அளக்கும் ஈலோ கணக்கில் இது ஏறத்தாழ 28 புள்ளி முன்னிலை என்பதால், மாற்றம் பலித்துவிட்டதாக நம்பி அடுத்தடுத்த மாற்றங்களையும் அதன் மீதே அடுக்கினேன். 95 சதவீத நம்பிக்கை அளவில் அந்த 28-க்குப் பிழை வரம்பு இரு பக்கமும் 43 புள்ளி என்பதைக் கணக்கிடாமல் விட்டேன். புதிய வடிவம் உண்மையில் பழையதைவிட 15 புள்ளி தாழ்ந்ததாகவும் இருந்திருக்கலாம்.

இதைவிடப் பரவலான தவறு, ஆட்டத்துக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் சில ஆட்டங்களே போதும் என்று எண்ணுவது. நகர்வுகளின் தரம் கூடுவது உண்மைதான். ஆனால் ஓர் ஆட்டம் எத்தனை மணி நேரம் நடந்தாலும் அது தருவது ஒன்று, அரை, சுழியம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு புள்ளியை மட்டுமே. பிழை வரம்பைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்டங்கள் வேண்டும். ஒவ்வொரு தரப்புக்கும் 10 வினாடியும், ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக 0.1 வினாடியும் கொடுத்தால், 60 நகர்வு கொண்ட ஆட்டம் 32 வினாடிக்குள் முடிந்து, ஒரு நாளில் சுமார் 2,700 ஆட்டங்கள் நடக்கும். 60 சதவீதம் டிரா என்றால் பிழை வரம்பு 8 புள்ளியளவில் நிற்கும். தரப்புக்கு 15 நிமிடம் கொடுத்தால் நாளொன்றுக்கு 48 ஆட்டங்கள்தாம். வரம்பு 60-ஐத் தாண்டிவிடும். நீண்ட ஆட்டங்களில் டிரா பெருகுவதால் வரம்பு சற்றுக் குறுகும் என்றாலும், இரு எஞ்சின்களுக்கு இடையிலான புள்ளி வேறுபாடும் பெரும்பாலும் கூடவே சுருங்கிவிடுகிறது.

ஆழமாகத் தேடும்போது மட்டும் பலன் தரும் மாற்றங்கள் உண்டு என்பதால், நீண்ட ஆட்டங்களை அடியோடு ஒதுக்கவும் முடியாது. ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினுக்கான ஃபிஷ்டெஸ்ட் சோதனைத் தளத்தில், வழக்கமாக 10 வினாடிச் சோதனையில் தேறிய மாற்றமே 60 வினாடிச் சோதனைக்கு அனுப்பப்படுகிறது.

முன்னிலை கண்டதும் சோதனையை நிறுத்துவது மிகக் கெடுதலானது. எங்கள் கரையோரத்தில் காற்றடித்து மின்சாரம் போய்ச் சோதனை நின்றால் ஆட்டங்கள் குறையுமே தவிர, முடிவு ஒரு பக்கம் சாயாது. நமக்குப் பிடித்த எண்ணிக்கை வந்ததும் நாமே நிறுத்தினால் சாய்ந்துவிடும். எத்தனை ஆட்டங்கள், அல்லது எந்த எல்லையைத் தொட்டால் முடிவு என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

தொடக்க நிலைகளிலும், அதாவது ஆட்டம் எந்தக் காய் அமைப்பிலிருந்து தொடங்குகிறது என்பதிலும், கவனம் தேவை. பாம்பனில் ஒரு வலையை வடகடலிலும் மற்றொன்றை தென்கடலிலும் இறக்கிவிட்டு, மீன்பாட்டை வைத்து வலைகளை ஒப்பிட மாட்டார்கள். அதுபோல ஒவ்வொரு தொடக்க நிலையையும் இரு எஞ்சின்களும் வெள்ளையில் ஒரு முறையும் கறுப்பில் ஒரு முறையும் ஆட வேண்டும்.