ஈரச் சாக்கு மாதிரி கிடக்கணும்

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை, எட்டு மேட், ஒரே ஃபேன். சித்திரை மாதம் அங்கே பத்து நிமிடம் உருண்டால் உடம்பு விலாங்காகிவிடும். சைடு கண்ட்ரோலை, அதாவது மல்லாந்து கிடப்பவன் மேல் பக்கவாட்டிலிருந்து குறுக்கே படுத்து அமுக்கும் நிலையை, வெறும் கைப்பிடியால் காப்பாற்ற முடியாது என்று எனக்குப் புரிய வைத்தது அந்த வியர்வைதான். நான் 62 கிலோ. கபடி ஆடிவிட்டு, தரையில் உருண்டு மல்லுக்கட்டும் ஜியு-ஜிட்சுவுக்கு வந்த தம்பி 84. இறுக்கிப் பிடித்தேன், இடுப்பை ஒரு தூக்குத் தூக்கினான், சுவரோரம் கிடந்தேன். "பிடிக்காதீய அண்ணாச்சி, சும்மா மேல படுங்க" என்றான்.

படுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முட்டியை ஊன்றினால் உங்கள் எடை மேட்டுக்குப் போய்விடும். கால்களை நீட்டி, விரல்களால் உந்தி, நெஞ்சைக் கீழே கிடப்பவன் நெஞ்சுக்குக் குறுக்கே போடுங்கள். ஒரு கை கழுத்துக்கு அடியில்; அந்தத் தோளால் தாடையை அப்பால் திருப்புங்கள். இதுதான் கிராஸ்ஃபேஸ். முகம் அங்கே பார்க்கிறவன் உங்கள் பக்கம் திரும்பத் திணறுவான். மற்ற கை அவனுடைய தூரத்து அக்குளுக்குள்.

அப்படியே கிடந்தால் தப்பிவிடுவான். அவன் இடுப்பை நழுவவிட்டு, முழங்காலை முழங்கையோடு சேர்க்கப் பார்ப்பான். சேர்ந்துவிட்டால் கார்டு, அதாவது உங்களைத் தன் கால்களால் தடுத்து வைக்கும் நிலை, அவனுக்குத் திரும்பிவிடும். சேர்வதற்குள் நீங்கள் இடம் மாற வேண்டும். காலைக் கொண்டுவந்தால், இடுப்பைத் திருப்பி அவன் கால் பக்கம் பார்த்து உட்கார்ந்து வழியை அடையுங்கள். கழுத்தில் முழங்கையை வைத்துத் தள்ளினால், தலைப் பக்கம் நடந்து நார்த்-சவுத் போங்கள்; உங்கள் தலை அவன் கால் பக்கம் பார்க்க, நெஞ்சு நெஞ்சின் மேல் கிடக்கும். அந்த நடையில் நெஞ்சுதான் செக்கு, கால்கள் மாடு. செக்கு இடம்பெயரக் கூடாது. இரண்டு கையாலும் நெஞ்சைத் தூக்கினால் சரி, எழுந்து வயிற்றில் முட்டியை வையுங்கள். விலா எலும்பில் வேண்டாம், பயிற்சித் துணை நாளைக்கும் வர வேண்டும். முதுகைக் காட்டித் திரும்பினால் பின்னால் ஒட்டிக்கொண்டு முதுகை எடுத்துக்கொள்ளுங்கள்.

கை மாறும்போது கால் அசையக் கூடாது, கால் நகரும்போது கை விடக் கூடாது. நான் இரண்டையும் சேர்த்துச் செய்துதான் பலமுறை கவிழ்ந்தேன்.

போட்டியில் சைடு கண்ட்ரோலுக்கெனத் தனிப் புள்ளி கிடையாது. கார்டைக் கடந்ததற்கு 3, வயிற்றில் முட்டிக்கு 2, இருபுறமும் கால் போட்டு மேலே உட்காரும் மவுண்டுக்கு 4. ஒவ்வொன்றிலும் 3 விநாடி நிலைக்க வேண்டும். ஜூடோவிலோ 20 விநாடி அமுக்கிவிட்டால் ஆட்டமே முடிந்தது.

பழக ஒரு வழி: மேலே இருப்பவர் இரண்டு கையையும் இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். முதல் நாள் எனக்கு 7 விநாடி. போன வாரம் 50-ஐத் தாண்டியபோது, கீழே கிடந்த தம்பி ஃபேன் ஸ்விட்சைத் தேடிக்கொண்டிருந்தான்.