நாற்பதைத் தாண்டிய ஆண்கள் எங்கிருந்து தொடங்குவது?

கெட்ட பழக்கங்கள் அனைத்தையும் ஒரே திங்கட்கிழமையில் விட்டுவிடத் தீர்மானிப்பவர் அடுத்த வாரமே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவார் என்பதால், அளவு நாடா ஒன்றை வாங்குவதிலிருந்து தொடங்குவதே நல்லது. காற்சட்டை அளவை நம்ப வேண்டாம். தொப்பை உள்ளவர் அதைத் தொப்பைக்குக் கீழேதான் அணிகிறார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரே எல்லை. அதற்கு மேல் போனால் நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் எடைக் குறியீட்டிலும் (BMI) நமக்கு 23 முதலே எச்சரிக்கை தேவை.

அடுத்தது சிங்கப்பூர்க் காப்பிக்கடை. நாளுக்கு மூன்று முறை 'தே' (கெட்டிப்பால் சேர்த்த தேநீர்) குடிப்பவர் சீனியைக் குறைக்க 'சியூ டாய்' என்று சொல்லிப் பழகலாம். ஆனால் அதில் இருக்கும் கெட்டிப்பாலே இனிப்பானது என்பதை மறக்கக் கூடாது. பாலும் வேண்டும், சீனி வேண்டாம் என்பவர் கேட்க வேண்டியது, இனிப்பில்லாத பாலுடன் சீனியின்றி வரும் 'தே சி கோசோங்'. முதல் வாரம் அது கஷாயம் போலத்தான் இருக்கும். போகப் போக நாக்கு பழகிவிடும். கடைகளில் தயாரித்து விற்கும் பானங்களுக்கும் 2023 டிசம்பர் இறுதியிலிருந்து நியூட்ரி-கிரேட் தரக் குறியீடு வந்துவிட்டதால், பட்டியலில் கடைசித் தரமான 'டி' என்ற எழுத்தைக் கண்டால் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பிராட்டாவுக்கு ஊற்றும் குழம்பிலும் உப்பு மிகுதி. தட்டில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிட வேண்டியதில்லை.

புகைபிடிப்பதைக் குறைப்பதைவிட அடியோடு நிறுத்துவதே பயன் தரும். அதற்கு மாற்றாக மின்சிகரெட்டை நாடுவது உடல்நலக் கேடு மட்டுமின்றி, சிங்கப்பூரில் சட்டப்படி குற்றமும் ஆகும். உடற்பயிற்சிக்கு வாரம் 150 நிமிட வேக நடை போதும். பேருந்தில் இரண்டு நிறுத்தங்கள் முன்பே இறங்கி நடப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

இவ்வளவும் செய்துவிட்டுப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடுவது நம் ஆண்களின் தனிக் குணம். உயர் ரத்த அழுத்தத்திற்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்ற சமாதானம் அதனால்தான் செல்லாது. 2023 ஜூலையில் தொடங்கிய, சிங்கப்பூர் அரசின் நோய்த்தடுப்புத் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜியில் 40 வயதைக் கடந்தவர்கள் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். முதல் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. 50 வயதானவர் பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனையையும் ஆண்டுதோறும் செய்துகொள்ள வேண்டும். மாதிரியை வீட்டுக் கழிப்பறையிலேயே எடுத்துவிடலாம் என்பதால் கூச்சத்துக்கு இடமில்லை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொன்னால் காலை நேரத்தையே பதிவு செய்யுங்கள். அதுவரை தண்ணீர் மட்டும்தான். கோசோங்கே ஆனாலும் ரத்தம் எடுத்த பிறகே குடிக்க வேண்டும்.