பிள்ளைக்கு அடுத்த வயலின் வாங்கப் போகிறீர்களா?

கடையில் எடுத்துத் தரும் வயலின் அநேகமாக மேற்கத்தைய முறையில், ஜி-டி-ஏ-ஈ என்று கூட்டப்பட்டிருக்கும். அந்த இறுக்கத்தில் சுமாரான வயலினும் பளிச்சென்று கேட்கும். பிள்ளை கர்நாடக இசை வகுப்பில் வாசிப்பதோ ச-ப-ச-ப. ஐந்து கட்டைக்கு, அதாவது ஷட்ஜம் ஜி-யில் நிற்கக் கூட்டினால் தடித்த தந்திகள் இரண்டும் அப்படியே நிற்கும். மெல்லிய இரண்டும் ஒரு முழுச்சுரம் இறங்கும். இரண்டரைக் கட்டை என்றால் கதை வேறு. ஆர்மோனியத்தில் கறுப்பும் வெள்ளையுமாக எண்ணினால், தடித்த இரண்டும் நான்கு அரைச்சுரமும் மெல்லிய இரண்டும் ஆறு அரைச்சுரமும் இறங்க வேண்டும். தந்தி அவ்வளவு தளர்ந்த பிறகும் மந்தர ஷட்ஜம் நிறைந்து ஒலித்தால்தான் அது நமக்கு உதவும் வயலின். ஆகவே சுருதிப் பெட்டியையோ தொலைபேசியில் உள்ள சுருதிச் செயலியையோ கையோடு கொண்டுபோய், வகுப்புச் சுருதிக்கு இறக்கிக் கூட்டச் சொல்லிவிட்டு, அதன் பிறகே காது கொடுங்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி: இப்போதுள்ள வயலின் உண்மையிலேயே போதாதா? வருடக்கணக்காக மாற்றாத தந்தியும் சாய்ந்த குதிரையும் (தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டு) நல்ல வயலினையும் கெடுத்துவிடும். புதுத் தந்தி போட்டு, குதிரையை நிமிர்த்தி, ஒரு கிழமை வாசிக்க விடுங்கள். அப்படியும் வில்லை அழுத்தினால் நாதம் பெருகாமல் கீச்சிட்டால், அல்லது வர்ணத்தில் ஒரே தந்தியில் தாரஸ்தாயிக்கு இழுக்கும்போது நாதம் மெலிந்து போனால், பிள்ளை வயலினைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

அளவை வயதை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். முதுகுப் பலகையின் நீளம், கழுத்தடிக் குமிழை விட்டு அளந்தால், முழு அளவு வயலினுக்குச் சுமார் 356 மில்லிமீற்றர், முக்காலுக்கு 335, அரைக்கு 310. பிள்ளையைப் பாயில் இருத்தி, வலது கணுக்காலில் சுருள் தலையை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நின்றபடி தாடைக்குள் வைத்துப் பார்ப்பது நமக்கு உதவாது. கீழே முதல் விரல் இடத்தில் கை முழுதாக நீண்டுவிடாமல் முழங்கை மடிந்திருக்க வேண்டும். சுண்டுவிரல் இழுபடாமல் தன் இடத்துக்குப் போக வேண்டும். முறுக்காணி காலில் குத்துகிறதா என்பதும் இப்படி இருந்தால்தான் தெரியும். “வளர்ந்து சரிவரும்” என்று பெரிதாக வாங்குவது சப்பாத்துக்குச் சரி. வயலினில் அப்படிச் செய்தால் சுரத்தானம் பிழைத்துப் பழகிவிடும்.

அதிக நேரம் பார்க்க வேண்டியது விரற்பலகையை. கமகமும் இழுப்பும் ஓடுவது அதன் மேல்தான். கருங்காலிதான் வேண்டும். மலிவான வயலின்களில் மென்மையான மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். சில மாதத்தில் தந்திக்கு அடியில் பள்ளம் விழும். விரற்பலகையின் அடிப்பக்கம், கழுத்தைத் தாண்டி நீண்டு நிற்கும் பகுதியைத் திருப்பிப் பாருங்கள். வெளிறிய மரம் தெரிந்தாலோ, ஈரத் துணியால் துடைக்கக் கறுப்பு ஒட்டிக்கொண்டாலோ விட்டுவிடலாம். பிறகு ஓர் இரும்பு அடிமட்டத்தைத் தந்திக்குச் சமாந்தரமாகப் பலகையில் நிறுத்துங்கள். நடுவில் அரை முதல் ஒரு மில்லிமீற்றர் வரை வெளிச்சம் தெரிய வேண்டும். இந்த மெல்லிய குழிவு இல்லாமல் நடுவில் மேடாக இருந்தால், விரலை இழுக்கும்போது தந்தி மரத்தில் தட்டி இரையும்.

அதே அடிமட்டத்தால் தந்தியின் உயரத்தையும் அளக்கலாம். முழு அளவு வயலினில், பலகை முடியும் இடத்தில் தடித்த தந்தி 5 முதல் 5.5 மில்லிமீற்றர், மெல்லியது 3 முதல் 3.5. கூடினால் பிள்ளையின் விரல் நுனி நோகும். மிகக் குறைந்தால், தளர்ந்த தந்தி அதிரும்போது பலகையில் அடிபடும். உயரம் கூடியிருந்தால் குதிரையைச் சீவினால் போதும் என்று கடையில் சொல்லலாம். முதலில் அடிமட்டத்தை விரற்பலகையின் மேல் வைத்துக் குதிரை வரை நீட்டுங்கள். அதன் கீழ்விளிம்பு, குதிரை நிற்கும் இடத்தில் மேற்பலகையிலிருந்து சுமார் 27 மில்லிமீற்றரில் முட்ட வேண்டும். அதைவிட நன்றாகக் குறைந்தால் கழுத்து இறங்கியிருக்கிறது. குதிரையைச் சீவி அதைச் சரிப்படுத்த முடியாது.

பாட்டுக்காரருக்கு ஏற்ப அடிக்கடி சுருதி மாற்றுவதால் நமக்கு முறுக்காணி முக்கியம். வழுவழுப்பாகச் சுழன்று, விட்ட இடத்தில் நிற்க வேண்டும். விட்டுவிட்டுத் துள்ளினால் துளை வட்டமாக இல்லை. நான்கு தந்திக்கும் சுருதியைச் சிறிது சிறிதாகத் திருத்தும் நுண்திருகு இருந்தால் நல்லது.

ஊரில் பழைய வயலின்களும் விலைக்கு வரும். எஃப் துளைக்குள் எட்டிப் பார்த்து ‘ஸ்ட்ராடிவாரியஸ்’ என்ற சீட்டைக் கண்டால் மயங்க வேண்டாம். அவர் 1737 இல் இறந்தவர். ஜெர்மனியத் தொழிற்சாலைகளில் செய்த லட்சக்கணக்கான வயலின்களில் அதே பெயரை அச்சடித்து ஒட்டினார்கள். சீட்டு பொய் என்பதால் வயலின் கூடாது என்றில்லை, அவற்றில் நன்றாக ஒலிப்பவையும் உண்டு. ஊசித்துளை அளவு ஓட்டைகளும் மாவுப்பொடியும் இருந்தால் வண்டு அரித்தது. குதிரையின் மெல்லிய தந்திப் பக்கக் காலுக்குச் சற்றுப் பின்னால், உள்ளே ஒரு சிறு தூண் நிற்கும். அந்த இடத்துக்கு நேரே பலகை வெடித்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஓரம் முழுவதும் விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சலசலத்தால் பசை விட்டிருக்கிறது. அது சின்ன வேலை, பயப்பட வேண்டாம்.

பணம் முழுவதையும் வயலினில் போடாதீர்கள். கால்வாசியை வில்லுக்கும் தந்திக்கும் குதிரை பொருத்தும் கூலிக்கும் ஒதுக்குங்கள். முழு அளவு வில் 60 கிராம் அளவில் இருக்கும். ஒரு கண்ணை மூடி, பிடியிலிருந்து நுனி வரை நோக்கினால் பக்கவாட்டில் கோணக் கூடாது. குறைந்த விலையில் மரத்தைவிடக் கார்பன் வில் நம்பிக்கையானது.

கடைசியில் இரண்டு மூன்றைத் தெரிந்தெடுத்து, ஆசிரியரை வாசிக்கச் சொல்லிப் பிள்ளையை மறுபக்கம் திருப்பி இருத்துங்கள். எது எந்த வயலின் என்று சொல்ல வேண்டாம். பதினைந்து, இருபது அடி தள்ளி இருந்தே கேளுங்கள். காதுக்கு அருகே கேட்கும் கரகரப்பு அங்கே வராது, அருகே இனித்தது அங்கே எட்டாமலும் போகலாம். வெறும் சீமெந்து அறையில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும், பாய் விரித்த இடம் பாருங்கள். வாசிப்பது நீண்ட வில்லில் நான்கு தந்தியும், பிறகு தோடியில் ஓர் இழுப்பும் போதும்.

சென்னையிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருவதானால், விமானத்துக்குத் தந்தியை ஒரு சுரம் அளவுக்கு மட்டும் தளர்த்தச் சொல்லுங்கள். முழுதாகக் கழற்றினால் உள்தூண் விழக்கூடும். விழுந்துவிட்டால், அதைத் திரும்ப நிறுத்தும்வரை தந்தியை இறுக்கவே கூடாது. குளிர்நாட்டு உலர்காற்றில் இருந்த வயலின் நம் மாரிக்கு வந்தால் மரம் ஊதி முறுக்காணி இறுகும், தந்தி உயரமும் கூடும். பெட்டியை ஒரு நாள் மூடியே வைத்து, பிறகு திறவுங்கள். சித்திரை வெயிலில் அதே முறுக்காணி வழுக்கும். தகரக் கூரைக்குக் கீழ் அலுமாரியின் மேல் வைத்தால் பசையும் விடும்.

எங்கு வாங்கினாலும் இரண்டு கிழமைக்குள் மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்க முன்னர் கேட்டு, பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.