கட்டுரை எழுதியாச்சு, மீள்பார்வைக் குறிப்பில் என்ன எழுதுவது?

செமஸ்டர் கடைசியில் தன்னனுபவக் கட்டுரையோடு சேர்த்து இன்னொன்றும் கேட்கிறார்கள்: "இதை எழுதியதில் நீங்கள் எழுத்தில் எப்படி வளர்ந்தீர்கள்? இரண்டு பக்கம்." பெரும்பாலும் வந்து சேர்வது இதுதான்: "இக்கட்டுரையின் வாயிலாக நான் நிறையக் கற்றுக்கொண்டேன். எனது எழுத்துத் திறன் மேம்பட்டது. வழிகாட்டிய ஆசிரியருக்கு நன்றி." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கட்டுரையே எழுதாத ஒருவரும் இதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாம். சிக்கல் அங்கேதான்.

கீழே உள்ள முறை ஒன்றே ஒன்றை நம்பி நிற்கிறது: முதல் வரைவையும் கடைசி வரைவையும் அருகருகே வைத்தால் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுவது. கட்டுரை முடிந்துவிட்டது, குறைந்தது மூன்று வரைவாவது ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: வரைவுகளைப் பத்திரப்படுத்துங்கள்

கூகுள் டாக்ஸில் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வரைவு முடிந்ததும் ஃபைல் → வெர்ஷன் ஹிஸ்டரி → நேம் கரண்ட் வெர்ஷன் போய், "வரைவு 1, ஆசிரியர் பார்க்கும் முன்" என்பது போலப் பெயர் கொடுங்கள். ஒரு டாக்குமென்ட்டில் 40 பெயர் வரை வைக்கலாம். ஒரு கட்டுரைக்கு நாலைந்து தாராளம். பெயர் வைக்காமல் விட்டால், தானாகச் சேமித்த பழைய பதிப்புகளை இடம் மிச்சப்படுத்த டாக்ஸ் அவ்வப்போது ஒன்றோடொன்று சேர்த்துவிடும். செவ்வாய்க்கிழமை எழுதியதைத் தேடிப் போனால் புதன், வியாழன் எல்லாம் ஒரே உருண்டையாகக் கிடக்கும்.

வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டு எழுதி, கடைசியில் டாக்ஸில் பேஸ்ட் செய்கிறவர்களுக்கு வரலாறே கிடையாது. பேஸ்ட் செய்த நொடிதான் அங்கே முதல் பதிப்பு. அந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள், அதுதான் உங்கள் வரைவு 1.

இன்னொரு பொதுவான தடுக்கல்: வெர்ஷன் ஹிஸ்டரி எடிட் உரிமை உள்ளவர்களுக்குத்தான் தெரியும். ஆசிரியருக்கு வியூ மட்டும் கொடுத்துவிட்டு "ஹிஸ்டரியில இருக்கு பாருங்க சார்" என்றால் அவர் பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது.

(வரைவைத் தூக்கிப் போடாதவர்களில் ஒருவர் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேன். 1580இல் முதலில் வெளிவந்த தன் கட்டுரைகளில், பழையதைப் பெரும்பாலும் இருந்தபடியே விட்டு மேலே மேலே சேர்த்துக்கொண்டே போனார். 1588 பதிப்பின் ஓரங்களில் அவர் கையால் எழுதிய சேர்க்கைகள் உள்ள பிரதி இன்றும் போர்தோ நகரில் இருக்கிறது. எந்த வரி எந்தக் காலத்தில் எழுதியது என்று ஏ, பி, சி குறி போட்டு அச்சிடும் பதிப்புகள் உண்டு. நமக்கு அவ்வளவு தேவையில்லை, வரைவு 1 தொலையாமல் இருந்தால் போதும்.)

படி 2: அருகருகே வையுங்கள்

டாக்ஸில் டூல்ஸ் → கம்பேர் டாக்குமென்ட்ஸ் இருக்கிறது. அதற்கு இரண்டும் தனித்தனி ஃபைலாக இருக்க வேண்டும். அதனால் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய பதிப்பின் மூன்று புள்ளியைத் தட்டி முதலில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வேர்டில் ரிவியூ → கம்பேர்.

வரைவு 2க்கும் 3க்கும் இந்தக் கருவி நன்றாக உதவும். முதலுக்கும் கடைசிக்கும் போட்டால் பக்கம் முழுக்க அடித்தல் கோடும் வண்ணமுமாக வந்து நிற்கும், ஒன்றும் புரியாது. அதற்குப் பிரிண்ட்தான் சரி. இரண்டு வரைவையும் வரி இடைவெளி 2 வைத்து, தாளின் ஒரு பக்கம் மட்டும் அடித்து மேசையில் பரப்புங்கள். இரண்டு நிறத்தில் பேனா போதும். ஹைலைட்டர் வேண்டவே வேண்டாம். அது வண்ணம் பூசும், "ஏன் மாற்றினேன்" என்று ஓரத்தில் எழுதாது.

படி 3: மாற்றங்களுக்குப் பெயர் போடுங்கள்

நான்சி சாமர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கை கொடுக்கும். 20 மாணவர்களையும் 20 அனுபவமுள்ள எழுத்தாளர்களையும் ஆளுக்கு மூன்று கட்டுரை எழுதவைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை திருத்தவைத்து ஒப்பிட்டார். செய்கிற வேலை நான்கு: நீக்குவது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போடுவது, சேர்ப்பது, இடம் மாற்றுவது. அது நடக்கிற மட்டமும் நான்கு: சொல், தொடர், வாக்கியம், மையக் கருத்து. மாணவர்களுக்குத் திருத்தம் என்றாலே பெரும்பாலும் சொல்லை மாற்றுவதாக இருந்தது. அனுபவமுள்ளவர்கள் கட்டுரையின் வடிவத்தையே தேடித் திருத்தினார்கள்.

தாளில் ஒவ்வொரு மாற்றத்தின் ஓரத்திலும் இரண்டு எழுத்து போடுங்கள். நீ-சொ என்றால் சொல் நீக்கம், சே-வா என்றால் வாக்கியம் சேர்த்தது, மா-க என்றால் கருத்தே மாறியது. மூன்று பக்கக் கட்டுரைக்கு அரைமணி நேரம் ஆகும். முடித்துவிட்டு எண்ணிப் பாருங்கள். எல்லாமே 'சொ' என்றால் மீள்பார்வைக் குறிப்பு எழுத இன்னும் நேரம் வரவில்லை. கட்டுரைக்கே இன்னொரு வரைவு பாக்கி இருக்கிறது. சந்திப்பிழை, ர-ற குழப்பம் திருத்தியதையெல்லாம் இந்த எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அது எல்லாரும் செய்ய வேண்டிய கூட்டிப் பெருக்கும் வேலை.

படி 4: கருத்து மாறிய இடத்தைப் பிடியுங்கள்

பாதிப் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாளைப் பற்றி ஒரு வரைவு 1:

"அன்று நான் மிகவும் பதற்றமாக இருந்தேன். என் அப்பா என்னிடம், 'மகனே, எத்தனை மதிப்பெண்கள் பெற்றாய்?' என்று கேட்டார். நான் என் மதிப்பெண்களைக் கூறியதும் அவர் மிகுந்த மகிழ்ச்சி அடைந்தார். அந்த நாள் என் வாழ்வில் மறக்க முடியாத நாள் ஆகும்."

அதே இடம், வரைவு 3:

"மோட்டார் போடப் போன அப்பா பாதியில் நின்றார். 'எவ்வளவுடா?' 'நானூத்திப் பதினொண்ணு.' 'கணக்குல?' 'எழுபத்திரெண்டு.' ஒன்றும் சொல்லாமல் போய் சுவிட்சைத் தட்டினார். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறவரை அங்கேயே நின்றிருந்தேன்."

பார்த்தவுடன் தெரிவது பேச்சு. எந்த அப்பாவும் வீட்டில் "எத்தனை மதிப்பெண்கள் பெற்றாய்" என்று கேட்பதில்லை. சொல்கிறவர் எழுத்துத் தமிழிலும், ஆட்கள் அவரவர் பேச்சிலும் இருக்கலாம் என்பது தமிழில் எழுதுகிறவர்கள் எடுக்க வேண்டியிருக்கிற ஒரு முடிவு. குறிப்பில் தாராளமாக எழுதலாம். அடுத்தது 'நான்'. வரைவு 1இல் 30 சொல்லுக்குள் நான், என், என்னிடம் எல்லாம் சேர்த்து ஆறு. தமிழில் "இருந்தேன்" என்றாலே ஆள் யார் என்று விகுதி சொல்லிவிடும், எழுவாயைத் தனியாக நிறுத்தத் தேவையில்லை. கடைசி வாக்கியம், பள்ளிப் பொதுக்கட்டுரையின் முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரைச் சட்டகத்தில் மிச்சமாக ஒட்டிக்கொண்டு வந்தது.

இவையெல்லாம் சொல், வாக்கியம் என்ற மட்டத்தில் நடந்தவை. கருத்து மட்ட மாற்றம் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது: வரைவு 1இல் மகிழ்ந்த அப்பா, வரைவு 3இல் மகிழவில்லை. எழுத்தாளருக்கு எப்போது, எப்படி அது தெரியவந்தது? அந்தக் கேள்விக்குப் பதில்தான் குறிப்பின் முதுகெலும்பு.

படி 5: இரண்டே மாற்றம், விலையோடு

இரண்டு மாற்றம் எடுங்கள். மூன்றுக்கு மேல் போனால் பட்டியல் ஆகிவிடும். அதில் ஒன்று கண்டிப்பாகக் கருத்து மட்டத்தில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் நாலு விஷயம்: பழைய வரி, புது வரி, மாற்றவைத்தது எது, மாற்றியதில் எது போனது. கடைசியை யாரும் எழுதுவதில்லை, எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்கார்வார்.

மேலே உள்ள மாணவர் இப்படி எழுதலாம்:

"வரைவு 1இல் 'அவர் மிகுந்த மகிழ்ச்சி அடைந்தார்' என்று இருந்தது. வரைவு 2இல் அதை விரித்து எழுத உட்கார்ந்தபோது, அப்பா சிரித்தாரா, என்ன சொன்னார் என்று எதுவும் நினைவுக்கு வரவில்லை. நினைவில் இருந்தது மோட்டார் சுவிட்சும் தண்ணீர்ச் சத்தமும்தான். ரிசல்ட் கட்டுரை என்றால் அப்பா மகிழ வேண்டும் என்று நானாகவே மகிழ்ச்சியைப் போட்டிருக்கிறேன். அதை எடுத்ததும் கட்டுரை மதிப்பெண்ணை விட்டு அப்பாவின் மௌனத்துக்குப் போய்விட்டது. பள்ளியை வர்ணித்த முதல் மூன்று பத்திகளுக்கு வேலை இல்லாமல் போனதால் நீக்கினேன். அவற்றில் நோட்டீஸ் போர்டைப் பற்றிய ஒரு வரி நன்றாகவே இருந்தது. அதை வேறு எங்கும் வைக்க முடியவில்லை."

இதில் "வளர்ந்தேன்" என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா?

600 சொல் கேட்டிருந்தால் பங்கு பிரிப்பது: கட்டுரை எதைப் பற்றியது என்று 50, முதல் மாற்றத்துக்கு 220, இரண்டாவதுக்கு 150, சரியாக வராத இடத்துக்கு 100, அடுத்த கட்டுரையில் செய்யப்போவதற்கு 80. முன்னுரை என்று தனியாக வேண்டாம், திருக்குறளும் வேண்டாம்.

வராத இடத்தைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்ற பயம் பலருக்கு. "முடிவு இன்னும் சரியாக வரவில்லை" என்று மொட்டையாகச் சொன்னால் குறையலாம்தான். "கடைசிப் பத்தியில் இரண்டு வருடத்தைத் தாண்டிக் குதிக்கிறேன், அந்த இடைவெளியில் நடந்ததைச் சொல்லாமல் விட்டது படிப்பவருக்கு இடறுகிறது, மூன்று விதமாக முயன்றேன்" என்றால் அது கைத்திறன் தெரிந்தவர் பேச்சு. அடுத்து செய்யப்போவதும் அப்படியே: "இன்னும் நன்றாக எழுதுவேன்" என்பதை வெட்டிவிட்டு, "உரையாடலை முதலில் எழுதிவிட்டு வர்ணனையைப் பிறகு சேர்க்கப்போகிறேன்" என்பது போலச் செய்யக்கூடியது ஒன்றை எழுதுங்கள்.

படி 6: ஆசிரியர் சொன்னதை என்ன செய்வது

"ஆசிரியர் நீக்கச் சொன்னார், நீக்கினேன்" என்பதில் உங்கள் முடிவு எதுவும் இல்லை. அவர் கேட்ட கேள்வியை எழுதி, அதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்று சொல்லுங்கள். அவர் சொல்லியும் ஏற்காமல் விட்ட ஒன்று இருந்தால் அதை அவசியம் சேருங்கள், காரணத்தோடு. பணிவாக எழுதினால் எந்த ஆசிரியரும் கோபிக்க மாட்டார்.

பி.எட். மாணவர்கள் கிப்ஸ் சுழற்சியை வைத்து எழுதலாமா என்று கேட்பதுண்டு. ஓர் அனுபவத்தைத் திரும்பிப் பார்க்க கிரகாம் கிப்ஸ் 1988இல் கொடுத்த ஆறு கட்டம் அது: விவரணை, உணர்வுகள், மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம். வகுப்பறை அனுபவத்துக்குப் பரவாயில்லை. எழுத்தைப் பற்றிய குறிப்புக்கு எனக்குப் பிடிக்காது. 'உணர்வுகள்' என்று தலைப்புப் போட்டதும் பேனா தானாகவே "பெருமிதம் அடைந்தேன்" பக்கம் ஓடிவிடும். பாடத்திட்டமே கட்டாயப்படுத்தினால், அந்தத் தலைப்பின் கீழ் எந்த வரியில் மாட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: கையால் எழுதுகிறவர்களுக்கு. ஒரே தாளில் அடித்து அடித்துத் திருத்தினால் இரண்டாவது, மூன்றாவது திருத்தம் எது என்று பிறகு பிரிக்க முடியாது. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் பேனா நிறத்தை மாற்றுங்கள், எழுந்திரிக்கும்போது ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். போட்டோவின் தேதியே வரைவின் தேதி.

பின்சேர்க்கை 2: முதல் வரைவு தொலைந்தேவிட்டது என்றால், நினைவிலிருந்து "வரைவு 1" தயாரிக்காதீர்கள். திருந்தியவர் கையால் எழுதிய மோசமான வரைவு பார்த்தாலே தெரியும், தவறுகள் அளவுக்கு மீறி அழகாக இருக்கும். இருக்கிற இரண்டாவது வரைவிலிருந்து தொடங்கி, முதலாவது இல்லை என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: 'நான்' எத்தனை என்று எண்ணத் தேடல் பெட்டியைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க. "நான்" என்று தேடினால் "நான்கு" வந்து மாட்டும். "நானும்", "நானே" மாட்டாது. ஒவ்வொன்றையும் தனியாகத் தேடுங்கள், "என்", "எனக்கு", "என்னை" உட்பட. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஃபைலில் யுனிகோட் தமிழில் தேடினால் ஒன்றுமே வராது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தெரிவதுதான் தமிழ். முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒரு தடவை முழுவதும் படித்துப் பாருங்கள், மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறியிருக்கலாம். வரைவு 1, கடைசி வரைவு இரண்டையும் ஒரே மாற்றியில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கம்பேர் போட்டதும், மாற்றி செய்த கோளாறெல்லாம் நீங்கள் செய்த திருத்தமாக வந்து நிற்கும்.