போன ராஜாவை திரும்ப சிம்மாசனத்துல உக்கார வைக்கிறது எப்படி

குடியரசா மாறிட்ட நாட்டுல மறுபடி ராஜா வேணும்னு கெளம்புறவங்க முதல்ல கொடி, ஊர்வலம்னு ஆரம்பிச்சுடுறாங்க, அதெல்லாம் அப்புறம். முதல் வேலை அந்த நாட்டு அரசியலமைப்ப எடுத்து பூட்டு போட்டிருக்கான்னு பாக்குறது. இத்தாலில 139ஆவது பிரிவு, பிரான்ஸ்ல 89ஆவது பிரிவு, குடியரசுங்கற வடிவத்துல கை வைக்கவே கூடாதுன்னு நேரா சொல்லுது. நேபாளத்துல அப்படி இல்ல. 2015 அரசியலமைப்போட 274ஆவது பிரிவுல இறையாண்மை, எல்லை, சுதந்திரம் இதெல்லாம் தான் தொட முடியாத லிஸ்ட், குடியரசு அதுல வரல, ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு இருந்தா மாத்தலாம். ஆனா மன்னராட்சி கேக்குற ராஷ்ட்ரிய பிரஜாதந்திர கட்சிக்கு 2022ல கெடச்சது 275ல 14 சீட்டு.

அடுத்து ஆளு யாருன்னு முடிவு பண்ணணும், இங்க தான் பாதி பேர் கவுந்துடுறாங்க. பிரேசில்ல 1993ல மக்கள்கிட்டயே ஓட்டு கேட்டாங்க, ஆனா அரச குடும்பம் பெட்ரோபோலிஸ் கிளை, வாசோராஸ் கிளைன்னு ரெண்டா நின்னுச்சு, ஜெயிச்சா யாருக்கு முடிசூட்டுறதுன்னே தெளிவா இல்லாம ஓட்டு போட சொன்னா எவன் போடுவான்? குடியரசுக்கு 66 சதவீதம், ராஜாவுக்கு 10 சதவீதம் சுமாரு. கம்போடியாக்காரன் இதுக்கு நல்ல வழி கண்டுபிடிச்சான். வாரிசு உரிமையே கெடையாது, அங் துவோங், நரோதம், சிசோவத் இந்த மூணு பேர் வம்சத்துல 30 வயசு ஆன யாரையும் அரியணை கவுன்சில் 7 நாளைக்குள்ள தேர்ந்தெடுக்கலாம். 2004ல ராஜா சிஹானூக் விலகினப்போ, முன்னாடி பாரிஸ்ல பாலே நடனம் சொல்லிக்கொடுத்த அவர் மகன் சிஹமோனிய அப்படித்தான் கொண்டு வந்தாங்க, பங்காளி சண்டை இல்லாம.

ராஜாவுக்கு என்ன அதிகாரம்ங்கறத வார்த்தை வார்த்தையா எழுதிடணும். ராஜா கையெழுத்து போட்டா கூட பிரதமரோ மந்திரியோ சேர்ந்து போடணும்னு ஸ்பெயின்ல இருக்கு, அத காப்பி அடிச்சுக்கலாம். ராணுவம் தான் தலைவலி. 1981 பிப்ரவரில ராணுவத்துல ஒரு கோஷ்டி பார்லிமெண்ட்ட புடிச்சப்போ ஸ்பெயின் ராஜா ஹுவான் கார்லோஸ் யூனிஃபார்ம்ல டிவில வந்து பேசினாரு, அந்த கலகம் பிசுபிசுத்து போச்சு. ஆனா 1967ல கிரீஸ் ராஜா கான்ஸ்டன்டைன் ஆட்சிய புடிச்ச கர்னல்களுக்கு எதிரா ஒரு முயற்சி பண்ணி தோத்து நாட்ட விட்டே ஓட வேண்டியதா போச்சு. அதனால முப்படை தலைவர் பட்டம் குடுக்கலாம், உத்தரவு போடுற வேலை மந்திரிங்ககிட்ட இருக்கட்டும்.

இப்ப முக்கியமான இடம், ஓட்டு. ராஜா வேணுமா வேணாமான்னு தனியா கேட்டா தோத்துடுவீங்க. கிரீஸ் 1974ல 69 சதவீதம் குடியரசு, அல்பேனியா 1997லயும் அதே கதை. ராஜா திரும்பி வந்த கம்போடியா, ஸ்பெயின் ரெண்டு இடத்துலயும் இந்த கேள்விய தனியா கேக்கவே இல்ல. கம்போடியால ஐநா நடத்துன 1993 தேர்தல்ல வந்த சபை செப்டம்பர்ல அரசியலமைப்ப பாஸ் பண்ணுச்சு, அதுலயே ராஜாவும் வந்துட்டாரு. ஸ்பெயின்ல சர்வாதிகாரி ஃபிராங்கோ செத்ததும் 1975லயே ராஜா உக்காந்துட்டாரு, அப்புறம் 1978 டிசம்பர்ல ஜனநாயகம் வேணும்னா ராஜாவும் சேந்த புது அரசியலமைப்புங்கற இந்த மொத்த பார்சலுக்கும் ஓட்டு போடுன்னுட்டாங்க. தனியா கேட்டா தோப்போம்னு சர்வேல தெரிஞ்சதால தான் அப்படி பண்ணோம்னு அப்ப பிரதமரா இருந்த சுவாரெஸே 1995ல ஒரு பேட்டில மைக்க கையால மூடிக்கிட்டு சொன்னாரு, அது 2016ல தான் டிவில வந்துச்சு. நேர்மையான வழியான்னு கேட்டா, இல்லதான்.

ஒண்ணு கவனிங்க, ரெண்டு எடத்துலயும் இடிச்சு தள்ளுற அளவுக்கு ஓடிட்டிருந்த குடியரசே கெடையாது. ஒண்ணு சர்வாதிகாரி செத்த நாடு, இன்னொண்ணு இருவது வருஷம் ரத்தக்களரி பாத்த நாடு. ஒழுங்கா எலெக்‌ஷன் நடக்குற நாட்டுல இருக்கீங்கன்னா பல்கேரியா சிமியோன் ரூட்ட பாருங்க. சின்ன வயசுல ராஜாவா இருந்து துரத்தப்பட்டவரு, 2001ல கட்சி ஆரம்பிச்சு அதே வருஷம் 240ல 120 சீட்டு புடிச்சு பிரதமரானாரு. ராஜா பதவி திரும்ப வரல, 2005 தேர்தல்ல தோத்து எறங்கிட்டாரு.